இரண்டு பைப், ஒரு வயர்

பழைய அமெரிக்கப் பிக்கப் வண்டியை நட்டு நட்டாகப் பிரித்துப் புதிதாகக் கட்டுகிறவர்களிடையே ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. எஞ்சின்தான் பெரிய வேலை. பெயின்ட் அதைவிடப் பெரிய வேலை. ஓவர்டிரைவ் கியர்பாக்ஸை ஏற்றி போல்ட்டை முடுக்கிவிட்டால் மிச்சமெல்லாம் சில்லறை. கியர்பாக்ஸிலிருந்து வரும் இரண்டு கூலர் பைப்பையும் கையில் கிடைத்த ஹோஸை வைத்து ரேடியேட்டரோடு சேர்த்துவிடலாம். டார்க் கன்வர்ட்டரைப் பூட்டும் லாக்-அப் வயர் மைலேஜுக்காக வைத்தது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்படிச் சொல்கிறவர்கள் அனுபவம் இல்லாதவர்கள் அல்லர். தலை நரைக்கும்வரை பட்டறையில் நின்றவர்களும் சொல்கிறார்கள். அதனால்தான் புதிதாக வண்டி கட்ட வருகிறவர் கேள்வி கேட்காமல் நம்பிவிடுகிறார்.

இந்த நம்பிக்கையை நான் அடியோடு மறுக்கிறேன். ஓவர்டிரைவ் பெட்டியின் சூட்டைக் கட்டுக்குள் வைக்கும் முதல் கருவியே அந்த லாக்-அப் வயர்தான். கூலர் பைப் இரண்டாவது. இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள். ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பெரிதாக்கி ஈடுகட்ட முடியாது. இதைச் செய்யாமல் விட்ட வண்டியில் பெட்டி கருகும்போது, "700ஆர்4 பலவீனமான பெட்டி" என்று பழி பெட்டியின்மேல் விழுகிறது. தொடக்க வருடப் பெட்டிகளில் குறைகள் இருந்தன என்பது உண்மை. 1987க்குள் அவற்றில் பலவற்றை அதைத் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமே திருத்திவிட்டது. அதற்குப் பிறகும் தொடரும் சாவுகளில் பெரும்பங்கு பொருத்தியவர் கைவேலை.

ஒரு வண்டியை வைத்தே பேசுவோம். 1967 முதல் 1972 வரை வந்த செவ்ரலே சி10 இன்று மிகவும் விரும்பிக் கட்டப்படும் பிக்கப்புகளுள் ஒன்று. அதன் காலத்தில் ஆட்டோமேட்டிக் என்றால் இரண்டு கியர் பவர்கிளைடு, அல்லது 1969இல் வந்த மூன்று கியர் டிஎச்350, அல்லது கனமான வேலைக்கு டிஎச்400. எதிலும் மேல் கியர் ஒன்றுக்கு ஒன்று. அப்போது பெட்ரோல் மலிவு. எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் யாரும் கவலைப்படவில்லை. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அதன் பின்னாலேயே மணிக்கு 55 மைல் வேகவரம்பும், 1978 மாடலிலிருந்து சராசரி எரிபொருள் சிக்கனச் சட்டமும் வந்தன. அந்த நெருக்கடியின் பிள்ளைதான் ஜெனரல் மோட்டார்ஸ் 1982 மாடல் வண்டிகளில் இறக்கிய 700ஆர்4. முதல் கியர் 3.06, நான்காவது 0.70. கம்ப்யூட்டர் இல்லாமலே கியர் மாறும். ஆகவே சி10 கட்டுகிறவர் அதைத் தேடிப் போவதில் வியப்பில்லை. ஆனால் சி10இன் பழைய வயரிங்கில் இந்தப் பெட்டிக்கென ஒரு வயர்கூடக் கிடையாது. அந்த வெற்றிடத்தில்தான் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சு குடியேறுகிறது.

இந்தப் பேச்சுக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது டிஎச்350இன் நீண்ட ஆயுள். "அதில் லாக்-அப்பே இல்லாமல் லட்சம் மைல் ஓடவில்லையா? அதே டார்க் கன்வர்ட்டர்தானே இங்கேயும்?" கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். கணக்குப் போட்டால் நிற்காது.

டார்க் கன்வர்ட்டரில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைப்பது ஆயில் மட்டுமே. எஞ்சின் பக்கத்து விசிறி ஆயிலைச் சுழற்றி எறிகிறது, அந்த வேகத்தில் எதிர்ப்பக்க விசிறி சுழல்கிறது. எதிர்ப்பக்கம் எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே வரும். அந்தப் பின்தங்கலில் வீணாகும் சக்தி முழுவதும் ஆயிலுக்குள் சூடாக இறங்குகிறது. கன்வர்ட்டர் தாங்கக்கூடிய முறுக்குவிசையோ சுழற்சி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறி இறங்குகிறது: வேகம் பாதியானால் தாங்கும் திறன் கால்வாசியாகிவிடும்.

இப்போது சி10க்கு வருவோம். 28 அங்குல டயர், 3.73 டிஃபரன்ஷியல், மணிக்கு 70 மைல். மேல் கியர் ஒன்றுக்கு ஒன்று என்றால், பின்தங்கலைக் கணக்கில் எடுக்காமல், நிமிடத்துக்குச் சுமார் 3,130 சுற்று. ஓவர்டிரைவில் அது சுமார் 2,190. காற்றைக் கிழிக்கத் தேவையான குதிரைத்திறன் மாறவில்லை. சுற்று குறைந்ததால் அதே திறனைக் கொடுக்க எஞ்சின் 1.43 மடங்கு முறுக்குவிசை தர வேண்டியிருக்கிறது. அதே நேரத்தில் கன்வர்ட்டரின் தாங்கும் திறன் 0.49 மடங்காகச் சரிந்துவிட்டது. இரண்டையும் சேர்த்தால், அதே சாலையில் அதே வேகத்தில் அதே கன்வர்ட்டர்மேல் விழும் சுமை ஏறக்குறைய மூன்று மடங்கு. டிஎச்350 லாக்-அப் இல்லாமல் நீண்ட நாள் வாழ்ந்தது உண்மை. அது வாழ்ந்தது 3,130 சுற்றில். அந்த அனுபவத்தை 2,190 சுற்றுக்கு அப்படியே தூக்கி வருவது தவறு.

தனியாகக் கட்டும் வண்டிகளில் இது இன்னும் மோசமாகிறது. எஞ்சினுக்குக் கொஞ்சம் காரமான கேம்ஷாஃப்ட் போட்டவுடன், அதற்கேற்ப 2,400 சுற்று ஸ்டால் கொண்ட கன்வர்ட்டரை வாங்குகிறார்கள். ஸ்டால் எண் முழு விசையில் அளப்பது. சாதாரண ஓட்டத்தில் பின்தங்கல் அவ்வளவு இருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அப்படிப்பட்ட தளர்ந்த கன்வர்ட்டரை 2,200 சுற்றின் அருகே நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓட்டுவது, அது பிடிப்பே காணாத இடத்தில் அதை வேலை வாங்குவதாகும். 70 மைல் வேகத்துக்கு 35 குதிரைத்திறன் தேவை என்றும், அதில் பத்தில் ஒரு பங்கு பின்தங்கலில் போகிறது என்றும் வைத்துக்கொண்டாலே 3.5 குதிரைத்திறன், அதாவது 2.6 கிலோவாட். குளியலறையில் இருக்கும் கீசரைவிடப் பெரியதொரு கீசரை, அணைக்காமல், ஆயிலுக்குள் எரியவிட்டபடி போகிறோம். டிரெய்லரை இழுத்துக்கொண்டு மலைச்சாலை ஏறும்போது 90 குதிரைத்திறனில் 15 சதவீதம் போனால் பத்து கிலோவாட்.

லாக்-அப் கிளட்ச் இந்த இரண்டு விசிறிகளையும் ஒன்றோடொன்று நேராகப் பூட்டிவிடுகிறது. பூட்டியபின் பின்தங்கல் இல்லை. அங்கே சூடு பிறப்பதும் இல்லை. இது பிற்காலச் சிக்கனச் சட்டத்துக்காகக் கண்டுபிடித்த ஏற்பாடும் அன்று. பேக்கார்டு நிறுவனம் 1949இலேயே தன் அல்ட்ராமேட்டிக் பெட்டியில் பூட்டும் கிளட்ச் வைத்தது. கிறைஸ்லர் 1978இல் கொண்டுவந்தது. ஓவர்டிரைவோடு இது சேர்ந்தே இருக்க வேண்டியதன் காரணம், ஓவர்டிரைவ்தான் கன்வர்ட்டரை அதன் பலவீனமான வேகத்துக்குத் தள்ளுகிறது என்பதே. மைலேஜும் நிறுவனங்களின் நோக்கமாக இருந்தது; அது மட்டுமே இதன் வேலை அன்று.

இதற்கு எதிராக உடனே எழும் பதில்: "பெரிய கூலர் ஒன்றைக் கூடுதலாக மாட்டிவிடுகிறேன்." இந்தப் பதிலைத்தான் மிகவும் ஆபத்தானது என்று கருதுகிறேன், ஏனென்றால் இது பொறுப்பான பதில் போலத் தோன்றுகிறது. கூலர் பிறந்த சூட்டைத்தான் வாங்கும், பிறப்பதைத் தடுக்காது. பெட்டிக்குள் ஆயில் உச்சபட்சச் சூட்டில் இருக்கும் இடம் கன்வர்ட்டரை விட்டு வெளியேறும் இடம். கூலரைப் பார்ப்பதற்குமுன்பே அது அந்தச் சூட்டை அனுபவித்து முடித்துவிட்டது. டேஷ்போர்டு மீட்டரின் சென்சாரையோ பெரும்பாலோர் ஆயில் சம்ப்பில் வைக்கிறார்கள். கூலருக்குப் போய்த் தணிந்து திரும்பிய ஆயிலின் சூட்டைப் படித்துவிட்டு எல்லாம் நலம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். இந்தத் தொழிலில் காலங்காலமாகச் சொல்லும் கைக்கணக்கு இது: 80 டிகிரி செல்சியஸ் வரை ஆயிலுக்கு நல்ல ஆயுள்; அதற்குமேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். 115 டிகிரியில் வார்னிஷ் படியத் தொடங்கும். 127ஐ எட்டினால் ரப்பர் சீல்கள் கெட்டிப்படும். ஆயில் கெடுவதில் அது கடந்துவரும் மிகச் சூடான இடத்துக்கும் பங்கு உண்டு; சம்ப் மீட்டர் அதைக் காட்டாது. அளக்க வேண்டியது வெளியேறும் பைப்பில்.

வெளியேறும் அந்தப் பைப்புக்கே வருகிறேன். ஜெனரல் மோட்டார்ஸ் பெட்டியில் கீழே உள்ள முனையிலிருந்து ஆயில் கூலருக்குப் போகும், மேல் முனைக்குத் திரும்பி வரும். "எதை எதில் கொடுத்தாலும் ஒன்றுதான்" என்பார்கள். ரேடியேட்டர் டேங்குக்குள் இருக்கும் கூலர் மட்டும் என்றால் அவர்கள் சொல்வது ஏறக்குறையச் சரி. கூடுதல் கூலர் வந்துவிட்டால் சரியில்லை. சூடான ஆயில் முதலில் ரேடியேட்டருக்குப் போய், பிறகு காற்றில் குளிரும் கூலர் வழியாகப் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். மாற்றிக் கொடுத்தால் காற்றில் தணிந்த ஆயிலை ரேடியேட்டர் தண்ணீர் மறுபடி சூடேற்றி அனுப்பும்.

ரேடியேட்டரே வேண்டாம், தண்ணீரே 90 டிகிரி சூட்டில் இருக்கும்போது அது எப்படி ஆயிலைக் குளிர்விக்கும் என்று கேட்டு அதை முழுதாக ஒதுக்குகிறவர்கள் உண்டு. ரேடியேட்டருக்குள் அந்தக் கூலர் எங்கே இருக்கிறது என்று அவர்கள் பார்க்கவில்லை. தண்ணீர் குளிர்ந்து வெளியேறும் பக்கத்து டேங்கில்தான் அதை வைக்கிறார்கள். தண்ணீர் ஆயிலிலிருந்து சூட்டை வாங்கும் வேகம் காற்றுக்குக் கிடையாது. அதுவும் வண்டி நெரிசலில் நின்றுகொண்டிருக்கும்போது காற்றே வராது. மிச்சிகன் குளிரில் காலையில் ஆயிலை வேலைச் சூட்டுக்குக் கொண்டுவருவதும் அதே தண்ணீர்தான். பழைய ரேடியேட்டருக்குள் கூலர் ஓட்டையாகித் தண்ணீரும் ஆயிலும் கலந்தால் கிளட்ச் லைனிங்கின் பசையே கரைந்துபோகும் என்ற பயம் நியாயமானது. அதற்குத் தீர்வு புது ரேடியேட்டர்.

பைப் வேலையில் என்னை மிகவும் கோபப்படுத்துவது பெட்ரோல் ஹோஸ். விட்டம் சரியாக இருக்கிறது, கடையில் சுலபமாகக் கிடைக்கிறது, ஆகவே கூலருக்கும் அதையே செருகிவிடுகிறார்கள். கியர்பாக்ஸ் ஆயிலுக்கென்று எஸ்ஏஇ ஜே1532 என்ற தனித் தரம் இருக்கிறது. அந்த எண் அச்சிட்ட ஹோஸும் கடையில் இருக்கிறது. பெட்ரோல் ஹோஸ் இந்தச் சூட்டில் வருடக்கணக்கில் இருக்கச் செய்தது அன்று. லாக்-அப் வயரை இணைக்காத வண்டியில், மேலே சொன்ன கன்வர்ட்டரிலிருந்து வரும் மிகச் சூடான ஆயில் நேராகப் போய் விழுவது அந்த ஹோஸில்தான். வயரை விட்டவரும் ஹோஸில் மிச்சம் பிடித்தவரும் ஒரே ஆளாக இருப்பதால், இரண்டு தவறும் ஒரே வண்டியில் சேர்ந்துவிடுகின்றன. ஹோஸைச் செருகும் பைப் முனையில் மேடு தட்டாமல், வழவழப்பான பைப்மேல் திருகு கிளாம்ப்பை இறுக்கிவிட்டால், குளிர்ந்த காலையில் ஆயில் கெட்டியாக இருந்து அழுத்தம் ஏறும்போது ஹோஸ் கழன்று வரும். பீய்ச்சும் ஆயில் எக்ஸாஸ்ட் ஹெடர்மேல் விழுந்தால் தீப்பிடிக்கும். அப்போது போவது கியர்பாக்ஸ் மட்டும் அல்ல.

ஸ்டீல் பைப்பை முறையாக வளைத்துப் போடுகிறவர்களும் முனையில் தடுமாறுகிறார்கள். வண்டிகளில் வழக்கமான ஃபிளேர் 45 டிகிரி. பந்தய வகை ஏஎன் ஃபிட்டிங் 37 டிகிரி. ஒன்றை மற்றதோடு இறுக்கினால் அன்று ஒழுகாது, சூடேறிக் குளிர்ந்து பலமுறை ஆனபின் ஒழுகும். பெட்டியின் உடம்பில் உள்ள மரை நேர் மரை. அதில் வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்குரிய கூம்பு மரை ஃபிட்டிங்கைப் பிடிக்கும்வரை முடுக்கினால் அலுமினிய உடம்பே பிளந்துவிடும். செம்பு பைப் வளைக்கச் சுகமானது; அதிர்வில் கெட்டிப்பட்டு வெடிக்கும். எஞ்சினும் பெட்டியும் ரப்பர் மவுன்ட்டில் ஆடுகின்றன, ரேடியேட்டர் சேசிஸோடு நிற்கிறது. இடையில் வளைந்து கொடுக்க ஓர் இடமில்லாமல் இரு முனையையும் விறைப்பாகக் கட்டினால் எந்த உலோகமும் ஒரு நாள் களைக்கும். இவ்வளவையும் எஞ்சின் உள்ளே உட்கார்ந்து, ஹெடர் மாட்டி, பெயின்ட் அடித்த பிறகு யோசித்தால், பைப்புக்கு மிஞ்சுவது ஹெடருக்கும் சேசிஸுக்கும் நடுவில் உள்ள சந்து மட்டுமே. வருடாவருடம் நவம்பரில் லாஸ் வேகஸில் நடக்கும் செமா வாகனக் கண்காட்சிக்குப் போகும் வண்டிகளைப் பார்த்து, பைப் எதுவும் கண்ணில் படக்கூடாது என்று அதே சந்துக்குள் தாமே ஒளித்து வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். கண்ணில் படாத பைப்பைச் சோதிக்கவும் முடியாது.

இனி வயர். "சரி, இணைத்துவிடுகிறேன், டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்து நானே போட்டு அணைத்துக்கொள்கிறேன்" என்பவர் பாதி தூரம் வந்துவிட்டார், ஆனால் ஆபத்தான பாதி. பூட்டிய கன்வர்ட்டரோடு திடீர் பிரேக் அடித்தால் எஞ்சின் நின்றுபோகும். கூடவே பவர் ஸ்டீயரிங்கின் உதவியும் போகும். அந்தக் கணத்தில் எந்த ஓட்டுநரும் சுவிட்சைத் தேடமாட்டார். முழு ஆக்ஸிலரேட்டரில் மறந்துபோய்ச் சுவிட்சைப் போட்டால் லாக்-அப் கிளட்ச்சே வழுக்கிக் கருகும். பிறகு "லாக்-அப்பே தொல்லை, பிடுங்கிப் போடு" என்ற அடுத்த கதை கிளம்பும்.

சரியான வழி ஒன்றும் பெரிய வித்தை அல்ல. இக்னிஷனில் உயிர்பெறும் ஓர் இணைப்பு, அதில் ஃபியூஸ். அங்கிருந்து பிரேக் சுவிட்ச், பிறகு எஞ்சின் சுமை ஏறும்போது துண்டிக்கும் வேக்குவம் சுவிட்ச், அதிலிருந்து பெட்டியின் பிளக்கில் ‘ஏ’ முனை. சொலினாய்டின் எர்த், பெட்டிக்குள் இருக்கும் நான்காவது கியர் பிரஷர் சுவிட்ச் வழியாகப் போகும்படி செய்தால், நான்காவது விழாமல் பூட்டு விழாது. இந்த உள் அமைப்பு மாடல் வருடத்துக்கு வருடம் மாறும். சம்ப்பைக் கழற்றிப் பார்த்துவிட்டு இணைப்பதே சரி. பலர் இடறுவது பிரேக் சுவிட்சில். பிரேக் விளக்குக்கான சாதாரணச் சுவிட்ச் மிதித்தால் இணைக்கும். நமக்கு வேண்டியது மிதித்தால் துண்டிப்பது. க்ரூஸ் கன்ட்ரோல் வண்டிகளின் சுவிட்ச் அப்படிப்பட்டது. அது கிடைக்காவிட்டால் பிரேக் விளக்கு வயரால் ஒரு ரிலேயை இயக்கி, சொலினாய்டுக்கான மின்சாரத்தை அதன் 87ஏ முனை வழியாகக் கொடுத்தால் போதும். ஒரு மதியத்தில் முடிகிற வேலை.

எதிர்த்தரப்பின் வலுவான சாட்சி என்று ஃபோர்டின் ஏஓடி பெட்டியைக் காட்டுவார்கள். 1980இல் வந்தது, ஓவர்டிரைவ் உண்டு, லாக்-அப் வயர் கிடையாது, நன்றாக ஓடுகிறது. அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தவர் இதைச் சாட்சியாகக் கொண்டுவர மாட்டார். அதில் இன்புட் ஷாஃப்ட் இரண்டு. ஒன்றுக்குள் ஒன்று ஓடும் அவற்றில் உள் ஷாஃப்ட் கன்வர்ட்டரின் மூடியோடு நேராகப் பூட்டப்பட்டது. நான்காவது கியரில் எஞ்சினின் சுழற்சி முழுவதும் அதன் வழியாகவே போகிறது, ஆயிலைத் தொடுவதே இல்லை. ஓவர்டிரைவில் கன்வர்ட்டர் வழுக்கக் கூடாது என்று ஃபோர்டு பொறியாளர்களும் முடிவெடுத்தார்கள். மின்சாரத்தால் செய்யாமல் உலோகத்தால் செய்தார்கள். கிறைஸ்லரின் ஏ518இல் வயர் இல்லாவிட்டால் நான்காவது கியரே வராது. ஓவர்டிரைவுக்கு ஒரு சொலினாய்டு, பிற்காலப் பெட்டிகளில் லாக்-அப்புக்கு இன்னொன்று. மூன்று நிறுவனங்கள், மூன்று வழிகள், ஒரே முடிவு. கால் மைல் பந்தயக்காரர்கள் லாக்-அப் இல்லாத கன்வர்ட்டர் போடுகிறார்கள் என்பதும் உண்மை. அவர்களுடைய ஓட்டம் சில வினாடிகளில் முடிந்துவிடும். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அரிசோனாவைக் கடக்கப் போகிறவருக்கு அவர்கள் முன்மாதிரி ஆக முடியாது.

700ஆர்4ஐக் கொல்லும் இன்னொன்று த்ராட்டிலோடு இணையும் டிவி கேபிள்; கார்புரேட்டரை மாற்றியவர் அதன் கோணத்தைச் சரிசெய்யாவிட்டால் லைன் அழுத்தம் குறைந்து, ஆயில் சூடேறிக் கெடுவதற்கு முன்பே கிளட்ச்கள் வழுக்கிக் கருகும். அதைப் பற்றி எல்லாரும் எச்சரிக்கிறார்கள். அதே அக்கறை வயருக்கும் பைப்புக்கும் இல்லாததுதான் என் குறை. 1993இல் வந்த 4எல்60இக்கு மாறினால் இந்த விவாதமே எழாது: அதற்குக் கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் மூன்றாவது கியரிலேயே நிற்கும், ஆகவே கட்டுகிறவர் முதல் நாளிலேயே வயரிங்கைத் திட்டமிட்டாக வேண்டும்.

வண்டியை உரிமையாளர் கையில் கொடுக்குமுன் பட்டறை செய்து காட்ட வேண்டியது இது. திரும்பும் பைப்பைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் பிடித்து, ஓட்டத்தை அளக்க வேண்டும். இருபது வினாடியில் ஒரு குவார்ட், அதாவது ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு, என்பது கிறைஸ்லர் பட்டறைக் கையேடுகளின் பழைய அளவு. அது வராவிட்டால் எங்கோ அடைப்பு. பிறகு சாலை. நான்காவது கியரில் ஒரே சீராக ஓடும்போது பூட்டு விழுந்து டாக்கோமீட்டர் முள் இருநூறு சுற்றளவு இறங்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரைப் பிடித்தபடியே இடது காலால் பிரேக் பெடலை மெல்லத் தொட்டால் முள் ஏற வேண்டும், காலை எடுத்தால் மறுபடி இறங்க வேண்டும். அடுத்து ஒரு நீண்ட ஏற்றம், வெளியேறும் பைப்பில் வைத்த சென்சாரைப் பார்த்தபடி. திரும்பி வந்ததும் ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். பிரேக்கைத் தொட்டும் முள் அசையவில்லை என்றால், பெயின்ட் எவ்வளவு மின்னினாலும் அந்த வண்டி பட்டறையை விட்டு வெளியே போகக் கூடாது.